விடுதலைப் பண்ணை: மிசிசிப்பியில் நிலமற்றோர் நடத்திய ஒரு கூட்டுறவு

திருச்சபையின் ஊழிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆலயங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையுமே கணக்கிடுகின்றனர். கலப்பைக்கும் களத்துமேட்டுக்கும் அவ்வரலாற்றில் கிடைத்துள்ள இடம் சிறிது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி நம் இறையியல் கல்லூரிகளில் பேசும்போதும் இதே நிலைதான். மார்ட்டின் லூதர் கிங்கின் அருளுரைகளை அறிவோம். பேருந்துப் புறக்கணிப்பையும் பெருநடைப் பயணங்களையும் அறிவோம். ஆனால் 1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிய பின்பு, வாக்குச் சீட்டைப் பெற்ற ஏழையின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று நாம் கேட்பது அரிது. அதைக் கேட்டவர் ஒருவர் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தின் சன்பிளவர் மாவட்டத்தைச் சேர்ந்த ஃபேனி லூ ஹேமர் என்னும் பருத்திக்காட்டுத் தொழிலாளி அவர். அவர் தொடங்கி 1976 வரை நடந்த ‘விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு’ என்னும் முயற்சியை இங்கே ஆராய விரும்புகிறோம். அது வென்றதா தோற்றதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமையே நம்மை இதன்பால் ஈர்த்தது.

பருத்தி நாடு

மிசிசிப்பி டெல்டா என்பது பெயரளவில் டெல்டாவேயன்றி ஆற்றின் கழிமுகம் அன்று. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே விரிந்து கிடக்கும் வண்டல் சமவெளி அது. உலகின் மிக வளமான மண்களுள் ஒன்று. அம்மண்ணில் வாழ்ந்தோர் அந்நாட்டின் மிக வறிய மக்களுள் அடங்குவர் என்பதே அதன் வரலாற்றின் சுருக்கம்.

உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், வடபடைத் தளபதி ஷெர்மன் சவானா நகரில் கறுப்பினச் சபைகளின் தலைவர்கள் இருபது பேரைச் சந்தித்தார். அடிமைத்தளையினின்று விடுபட்ட மக்களுக்கு என்ன வேண்டும் என்பதே அங்கு எழுந்த கேள்வி. அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃபிரேசியர் என்னும் முதிய பாப்திஸ்து போதகர். நிலம் வேண்டும், அதை நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்பதே அவர் விடையின் சாரம். போதகர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் கல்வியும் ஆலயமும் கேட்கப்படுமுன் நிலம் கேட்கப்பட்டது என்பதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு நாட்களுக்குப் பின் ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். கடலோரப் பகுதியில் குடும்பம் ஒன்றுக்கு 40 ஏக்கர் வரை வழங்க அது வகை செய்தது. அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரு ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன் பின் எஞ்சியது வாரச் சாகுபடி. நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பருடையது. விதையும் உரமும் உணவும் தோட்ட முதலாளியின் கடையில் கடனாக வாங்கப்பட்டன. ஆண்டு முடிவில் பருத்தியைப் பங்கிட்டுக் கடனைக் கழித்தால் வாரக்குடிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் மற்றொரு கடனே. கணக்கு ஏடு முதலாளியிடம் இருந்தது. தராசும் அவரிடமே இருந்தது.

ஃபேனி லூ 1917 அக்டோபர் 6ஆம் நாள் இத்தகைய குடும்பம் ஒன்றில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தார். ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். அவருடைய தாய், அறுவடை முடிந்த தோட்டங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, செடிகளில் எஞ்சிய பஞ்சைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு பொதியாக்கி விற்று உணவு வாங்குவார். குளிரில் பிள்ளைகளின் கால்களுக்குக் கந்தல் துணியே காலணி. போவாஸின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையை நாம் இனிய கதையாகப் பிரசங்கிக்கிறோம். பொறுக்குவோரின் பக்கத்திலிருந்து அதைப் படித்தால் அத்துணை இனிமை தோன்றாது. லேவியராகமம் வயலோரத்தை ஏழைக்கு விட்டுவைக்கச் சொல்கிறது. வயலையே ஏழை மீட்டுக்கொள்ளும் யூபிலி ஆண்டைப் பற்றியும் அதே நூல்தான் சொல்கிறது. ஒரு முறை ஃபேனி லூவின் தந்தை சிறிது பணம் சேர்த்துக் கோவேறு கழுதைகளும் உழவுக் கருவிகளும் வாங்கினார். சொந்தமாக நிமிர முயன்ற அக்குடும்பத்தின் கால்நடைத் தீவனத்தில் யாரோ நஞ்சைக் கலந்தனர். விலங்குகள் மாண்டன, குடும்பம் மீண்டும் வாரத்துக்கே திரும்பிற்று.

திருமணத்திற்குப் பின் ஹேமர், ரூல்வில் ஊரருகே ஒரு தோட்டத்தில் 18 ஆண்டுகள் உழைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தமையால் வேலை நேரத்தையும் பருத்தி எடையையும் குறிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. முதலாளியின் தராசு எடையைக் குறைத்துக் காட்டுவதை அவர் அறிவார். எனவே தாமே ஓர் எடைக்குண்டைக் கொண்டுசென்று, முதலாளி இல்லாத நேரத்தில் அதைப் பயன்படுத்திச் சரியான எடையைக் குறித்தார். கள்ளத் தராசைப் பற்றி ஆமோஸ் தீர்க்கதரிசி கூறியதற்கு இதைவிடச் சிறந்த விரிவுரையை நாம் கண்டதில்லை.

வாக்கும் வயிறும்

1962 ஆகஸ்ட் மாதம் ரூல்வில் ஊரின் வில்லியம்ஸ் சேப்பல் என்னும் ஆலயத்தில் நடந்த கூட்டத்தில்தான், கறுப்பருக்கும் வாக்குரிமை உண்டென்பதைத் தாம் முதன்முதல் கேட்டதாக ஹேமர் பின்னாளில் கூறினார். அப்போது அவருக்கு வயது 44. அம்மாதம் 31ஆம் நாள் பதினெண்மர் ஒரு பழைய பேருந்தில் மாவட்டத் தலைநகர் இண்டியனோலாவுக்குச் சென்றனர். திரும்பும் வழியில் பேருந்தின் நிறம் பள்ளிப் பேருந்தைப் போல் மஞ்சளாக இருக்கிறதென்று காவலர் அபராதம் விதித்தனர். அன்று மாலையே ஹேமர் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். கணவர் மட்டும் அறுவடை முடியும்வரை அங்கேயே தங்க நேர்ந்தது. 1963 ஜூன் மாதம் வினோனா ஊர்ச் சிறையில் அவர் பட்ட அடிகள் அவருடைய சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுத்தன. 1964இல் வில்லியம்ஸ் சேப்பல் ஆலயத்தின் மீதும் தீக்குண்டு வீசப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் அளித்த சாட்சியம் நாடெங்கும் தொலைக்காட்சியில் கேட்கப்பட்டது. இவை யாவும் பலரும் எழுதியவை. இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று. வாக்கைத் தடுக்க வெள்ளையர் கையாண்ட கருவிகளுள் துப்பாக்கி ஒன்று; பசி மற்றொன்று. 1962-63 குளிர்காலத்தில், அண்டையிலிருந்த லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம், 20,000க்கு மேற்பட்ட ஏழைகள் பெற்றுவந்த அரசின் உபரி உணவு வழங்கலை நிறுத்திற்று. வாக்குப் பதிவுக்குச் சென்றதற்கான தண்டனை அது. பிறகு எந்திரம் வந்தது. பருத்தி எடுக்கும் பொறியும் களைக்கொல்லி மருந்தும் ஆயிரக்கணக்கான கைகளுக்கு வேலையில்லாமற் செய்தன. நாளெல்லாம் களை வெட்டினால் மூன்று டாலர் கூலி என்றிருந்த நிலையில், 1967 பிப்ரவரியில் பண்ணைத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு ஒரு டாலர் சட்டமாயிற்று. நல்ல சட்டந்தான். ஆனால் கூலியை உயர்த்துவதைவிடக் கூலியாட்களை நீக்குவது முதலாளிகளுக்கு எளிதாயிற்று. இலவச உணவு வழங்கலுக்குப் பதிலாக உணவுச் சீட்டுத் திட்டம் வந்தபோது, அச்சீட்டை வாங்கவும் ஏழை கைப்பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கைப்பணம் இல்லாதவருக்கு அத்திட்டத்தால் பயனில்லை. அவ்விதி 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கிற்று. இதே சன்பிளவர் மாவட்டத்தில்தான் செனட்டர் ஈஸ்ட்லண்டின் பெரும் பண்ணையும் இருந்தது. 1967இல் மட்டும் அப்பண்ணைக்கு அரசு அளித்த வேளாண் மானியம் 1,60,000 டாலருக்கு மேற்பட்டது. மானியம் பெறுவோருக்கு உழைப்பில் நாட்டமிராது என்னும் வாதம் ஏனோ அவரை நோக்கி எழுப்பப்படவில்லை.

1967 ஏப்ரலில் செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் டெல்டாவின் குடிசைகளில் வீங்கிய வயிற்றுக் குழந்தைகளைக் கண்டு திகைத்தனர். அண்டையிலுள்ள மவுண்ட் பாயுவில் ஜாக் கைகர் என்னும் மருத்துவர் நிறுவிய நலவாழ்வு மையத்தில், நோயுற்ற குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலேயே பாலும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தனர். மருந்துக்கான நிதியில் உணவு வாங்குவதை அதிகாரிகள் வினவியபோது, ஊட்டக் குறைவுக்கு உரிய மருந்து உணவே என அவர் விடையளித்தார். அம்மையத்தின் துணையோடு அம்மாவட்ட ஏழைகள் 1968இல் ஒரு காய்கறிக் கூட்டுறவுப் பண்ணையையும் தொடங்கினர். திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. அமெரிக்கத் தேசியத் திருச்சபைகள் மன்றம் 1964இல் தொடங்கிய டெல்டா ஊழியம், தோட்டங்களினின்று துரத்தப்பட்ட குடும்பங்களைக் கிரீன்வில் நகருக்கு அருகே 400 ஏக்கர் நிலத்தில் குடியேற்ற முயன்றது. உள்ளூர் வெள்ளையர் சபைகள் பல அவ்வூழியத்தைக் கடுமையாக எதிர்த்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

பன்றி வங்கி

ஹேமரின் திட்டம் பன்றியில் தொடங்கிற்று. டாரதி ஹைட் தலைமையிலிருந்த தேசியக் கறுப்பின மகளிர் மன்றம், 1960களின் இறுதியில், ஐந்து ஆண் பன்றிகளையும் சில பத்துப் பெண் பன்றிகளையும் அவருக்கு வாங்கிக் கொடுத்தது. முறை எளியது. ஏழைக் குடும்பம் ஒன்று வங்கியிலிருந்து ஒரு சினைப் பன்றியைப் பெறும். குட்டிகள் அக்குடும்பத்துக்கே உரியவை. அவற்றுள் இரண்டு பெண் குட்டிகளை மட்டும் வளர்த்து வங்கிக்குத் திருப்ப வேண்டும். அவை வேறு குடும்பங்களுக்குச் செல்லும். கடன் உண்டு, வட்டி பணமாக இல்லை. ஈடும் இல்லை, பத்திரமும் இல்லை. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீடுகளில் குளிர்காலத்துக்கு இறைச்சி இருந்தது.

நம் நாட்டில் பன்றி வளர்ப்பைச் சாதி இழிவோடு பிணைத்துப் பார்க்கும் கண்களுக்கு இவ்வரலாறு சற்று உறுத்தலாம். உறுத்தட்டும். கொடையைப் பெற்றவரே கொடையாளராக மாறும் இம்முறை திருச்சபைக்குப் புதியதன்று. சகோதரர் சபையைச் சேர்ந்த டான் வெஸ்ட் இதே கருத்தைக் கொண்டு கிடாரிகளை ஏழை நாடுகளுக்கு அனுப்பும் திட்டத்தை உருவாக்கினார். முதற் கப்பல் 1944இல் போர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்றது. பிறக்கும் முதற் பெண் கன்றை வேறொரு குடும்பத்துக்குக் கொடுப்பதே அங்கும் நிபந்தனை. பெற்றுக்கொண்டே இருப்பவன் தலை குனிகிறான். கொடுக்கவும் கடமைப்பட்டவன் நிமிர்கிறான். தரும நிதிக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நம் ஆயர்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிவர்.

1969இல் கூட்டுறவு முதலில் 40 ஏக்கர் நிலம் வாங்கிற்று. ஷெர்மன் ஆணையில் கண்ட அதே அளவு! 1971இல் மேலும் 640 ஏக்கர் சேர்ந்தது. விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரின் ‘மெஷர் ஃபார் மெஷர்’ என்னும் அமைப்பும், பாடகர் ஹாரி பெலஃபான்டே போன்றோரும் இதற்கு நிதி திரட்டினர். வெண்டை, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், சர்க்கரைவள்ளி, பலவகைக் கீரைகள் ஆகியன உணவுக்காகப் பயிரிடப்பட்டன. நிலக்கடனை அடைக்கச் சோயாவும் பருத்தியும் பயிரிட்டனர். உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர். அதையும் செலுத்த முடிந்தவை ஏறத்தாழ 30 குடும்பங்களே. பெயரளவில் சேர்ந்திருந்தவை 1,500 குடும்பங்கள். கட்டணம் செலுத்தியவருக்கும் செலுத்தாதவருக்கும் காய்கறி கிடைத்தது. பசித்த வெள்ளையர் குடும்பங்களையும் ஹேமர் விலக்கவில்லை. தம்மைத் துரத்திய இனத்தாரின் பிள்ளைக்கும் கீரை கொடுத்த அப்பெண்ணின் செயலை மலைப்பிரசங்கத்தின் வெளிச்சத்தில் வாசிப்பதைத் தவிர நமக்கு வேறு வழி தெரியவில்லை.

பண்ணை உணவோடு நிற்கவில்லை. வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அரசின் வீட்டுக் கடன் பெற்றுத் தந்து வீடுகள் கட்டுவித்தது. பெண்களுக்குத் தையல் தொழிலும், தாய்மார் வேலைக்குச் செல்ல ஏதுவாகக் குழந்தைக் காப்பகமும் அதே முயற்சியின் பக்கத்தில் முளைத்தன. நிலவறையில் குளிர்காலத்துக்கான உணவு சேமித்திருக்கும் குடும்பத்தை எவரும் மிரட்ட முடியாது என்பது ஹேமர் அடிக்கடி கூறிய கருத்து. வாக்குரிமையும் வாழ்வுரிமையும் அவருக்கு இரண்டல்ல.

வீழ்ச்சி

1971 முதல் சூறாவளியும், பின்னர் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வந்தன. விற்பனைப் பயிர் பொய்த்தபோது நிலக்கடனுக்குப் பணமில்லை. பண்ணையின் அன்றாட நிர்வாகத்தைக் கவனித்துவந்த மேலாளர் 1974இல் காலமானார். ஹேமரோ புற்றுநோயாலும் பழைய அடிகளின் விளைவாலும் நலிந்திருந்தார். அவர் ஊர் ஊராகச் சென்று பேசினால் நன்கொடை வந்தது. அவர் படுத்தபோது நின்றது. 1976இல் நிலுவை வரிகளுக்காக நிலம் கைமாறிற்று. 1977 மார்ச் 14ஆம் நாள் மவுண்ட் பாயு மருத்துவமனையில் ஹேமர் இறந்தார்.

காரணங்களை நேர்மையாக ஆராய வேண்டும். பண்ணையில் முறையான வணிக நிர்வாகம் இல்லை என்றும், இருந்த பணம் அவசரத் தேவைகளிலேயே கரைந்தது என்றும் கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பசித்தவன் வாசலில் நிற்கும்போது கடன் தவணைக்கென ஒதுக்கிய பணத்தைக் கையில் வைத்திருப்பது எளிதன்று; பங்குப் பேரவைகளின் கணக்கைப் பார்ப்பவர் இதை உணர்வர். எனினும் இவ்விளக்கம் போதாது என்பது நம் துணிபு. அதே சூறாவளியும் வறட்சியும் அண்டைத் தோட்டங்களையும் தாக்கின. அவற்றுக்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் இருந்தன. விடுதலைப் பண்ணைக்கு ஒரு நோயாளியின் குரல் மட்டுமே இருந்தது. மோனிகா ஒயிட் 2018இல் வெளியிட்ட ‘ஃபிரீடம் ஃபார்மர்ஸ்’ என்னும் நூல், நிலம் எத்தனை ஆண்டு நிலைத்தது என்பதைக் கொண்டு மட்டும் இத்தகைய முயற்சிகளை எடைபோடாமல், அவற்றை ஓர் எதிர்ப்பு வடிவமாகவே ஆராய்கிறது. இதை நாம் ஏற்கிறோம். ஆயினும் முழுமையாக அன்று. நிலம் போனது போனதுதான். 1920இல் அந்நாட்டில் 9,25,000க்கு மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தனர். 1997ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 20,000க்கும் கீழே இறங்கியிருந்தது. இவ்வளவு பேரும் நிர்வாகம் தெரியாமலா வீழ்ந்தனர்?

இவ்வினாவுக்கு விடை காண உதவும் மற்றொரு பண்ணை ஜார்ஜியா மாநிலத்தில் இருந்தது. சார்லஸ் ஷெரட் என்னும் பாப்திஸ்து போதகரும் அவருடைய தோழர்களும் 1969இல் லீ மாவட்டத்தில் ஏறத்தாழ 5,700 ஏக்கரில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்னும் அமைப்பை நிறுவினர். நிலம் அறக்கட்டளைக்கு உரியது. உழுவோருக்கு நீண்டகாலக் குத்தகை உரிமை உண்டு. விற்கும் உரிமை எவருக்கும் இல்லை. இதன் அமைப்பை வகுத்தவர்களுள் ஒருவரான ராபர்ட் ஸ்வான், வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்திலிருந்து தாம் கற்றதை வெளிப்படையாகச் சொன்னவர். பூதான நிலம் தனி ஏழையின் பெயரில் இருந்தால் கடனில் போய்விடும் என்பதைக் கண்டே வினோபா ஊர்ப் பொதுவான கிராமதானத்துக்கு மாறினார். அவ்விந்தியப் பாடம் ஜார்ஜியாவின் செம்மண்ணில் விதைக்கப்பட்டது.

ஆனால் அங்கும் மாநில ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸ், நடுவண் அரசின் நிதியுதவியை மறுத்துத் தடுத்தார். 1970களின் பிற்பகுதியில் வறட்சி வந்தபோது, வெள்ளை விவசாயிகளுக்கு விரைந்து கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தாமதமாயிற்று. 1985இல் நிலம் பறிபோயிற்று. இதுவரை விடுதலைப் பண்ணையின் கதையேதான். வேறுபாடு பின்னரே வருகிறது. கறுப்பின விவசாயிகள் அமெரிக்க வேளாண்துறைமீது தொடுத்த வழக்கில் 1999இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் கீழ் நியூ கம்யூனிட்டீஸ் தன் முறையீட்டை நடத்தி, 2009இல் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றது. வறட்சியும் திறமையின்மையும் என்று சொல்லப்பட்ட வீழ்ச்சியில் அரசு அலுவலகத்தின் பாகுபாட்டுக்கும் பங்குண்டு என்பது அதனால் ஏற்கப்பட்டதாயிற்று. ஹேமரின் பண்ணைக்கு அவ்வாறு வழக்காடுவோர் எவரும் எஞ்சியிருக்கவில்லை.

இழப்பீட்டுப் பணத்தில் அவ்வமைப்பினர் 2011இல் ஆல்பனி நகரருகே 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டம் ஒன்றை வாங்கினர். ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பால் நடந்த தோட்டம் அது. உரிமையாளரின் மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது. ஷெரட் 2022இல் தம் 85ஆம் வயதில் மறையும்வரை அப்பணியோடு இணைந்திருந்தார். அந்நிலத்தில் அவர்கள் பீக்கன் கொட்டை மரங்களும் திராட்சையும் ஆரஞ்சும் பயிரிட்டனர். ரூல்வில் ஊரில், விடுதலைப் பண்ணைக்கென வாங்கிய நிலத்தின் ஒரு பகுதியில், ஹேமரும் அவருடைய கணவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.